கோர்டன் பார்க்ஸ்: ஷட்டரை அழுத்துவதற்கு முன்னும் அச்சான பிறகும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். "யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை, நானே கற்றுக்கொண்டு உழைக்கும் மக்களைப் படம் எடுக்கிறேன். எப்படி எடுத்தாலும் கடைசியில் பரிதாபப் படமாக வந்து நிற்கிறது. கோர்டன் பார்க்ஸும் சொந்தமாகக் கற்றவர்தானாம். ஆனால் அவர் எடுத்த கறுப்பின மக்களைப் பார்த்தால் பரிதாபம் வரவில்லை, மரியாதைதான் வருகிறது. அது கோணமா, வெளிச்சமா, வேறு ஏதாவதா?" இதுதான் நீங்கள் கேட்டது. பார்க்ஸ் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக்காரர்.

கோணத்துக்கும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். என் கணிப்பில் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. ஷட்டரை அழுத்துவதற்கு முன் அந்த மனிதரோடு அவர் செலவழித்த நேரம் ஒன்று. அழுத்திய பிறகு அந்தப் படம் யார் கைக்குப் போனது என்பது இன்னொன்று. முதலாவதில் பார்க்ஸ் கெட்டிக்காரர். இரண்டாவது பெரும்பாலும் அவர் கையில் இல்லை, அதனால் சிலருக்குக் கஷ்டமும் வந்தது. பார்க்ஸைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்களுக்கு இரண்டாம் பாதியும் வேண்டும்.

பார்க்ஸ் 1912 நவம்பர் 30 அன்று கான்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளி தனி. கல்லூரிக்கெல்லாம் பணத்தை வீணாக்காதீர்கள், எப்படியும் மூட்டை தூக்கவும் வீட்டு வேலைக்கும்தான் போகப் போகிறீர்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னதை அவர் கடைசி வரை மறக்கவில்லை. பின்னாளில் கௌரவப் பட்டங்கள் குவிந்தபோது அந்த ஆசிரியையை நினைவுபடுத்திப் பேசுவார். பதினைந்து வயதில் அம்மா இறந்தார். மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்காவின் கணவர் குளிர்காலத்தில் ஓர் இரவு வெளியே துரத்திவிட்டார். சில நாட்கள் டிராமிலேயே இங்கும் அங்கும் போய்வந்து தூங்கியிருக்கிறார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடியவே இல்லை. பியானோ வாசித்தார், ஹோட்டலில் எச்சில் தட்டு எடுத்தார், ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறினார்.

அந்த ரயிலில்தான் ஒரு பயணி விட்டுப் போன பத்திரிகையில், பிழைப்பு தேடி ஊர் ஊராக அலையும் விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்தார். மனதில் ஏதோ பிடித்துக்கொண்டது. சியாட்டில் நகரில் ரயில் நின்றபோது ஓர் அடகுக்கடைக்குப் போய் ஃபோக்ட்லாண்டர் பிரில்லியன்ட் என்ற மலிவான கேமரா ஒன்றை வாங்கினார். வயது இருபத்தைந்து சொச்சம். முதல் பிலிமில் கடற்பறவைகளை எடுக்கப் போய்த் தண்ணீரில் விழுந்து, மற்றவர்கள் தூக்கிவிட வேண்டியிருந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்தப் பிலிமைக் கழுவிக் கொடுத்த மினியாபொலிஸ் கோடாக் கடைக்காரர்கள் கொஞ்ச காலத்தில் அவர் படங்களைக் கடைக் கண்ணாடியிலேயே மாட்டிவைத்தார்கள்.

சொந்தமாகக் கற்றவர் என்று சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் இல்லையே தவிர, அவர் தனியாகக் கற்கவில்லை. சிகாகோவில் ரயில் நிற்கும் இடைவெளியில் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் ஓவியங்களின் முன்னால் நிற்பார். செயின்ட் பாலில் ஒரு பெண்கள் துணிக்கடையில் துணிந்து வாய்ப்புக் கேட்டு ஃபேஷன் படங்கள் எடுத்தார். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுத்துக் கெடுத்திருந்தார். தப்பிய அந்த ஒன்றைப் பெரிதாக்கிக் கொண்டுபோய் வைத்தார், அது எடுபட்டது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி மார்வா லூயிஸ் அவர் படங்களைப் பார்த்து, சிகாகோவுக்கு வா, அங்கே வேலை கிடைக்கும் என்றார். சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பினக் கலைஞர்கள் நடத்திய கலை மையம் அவருக்கு இருட்டறை கொடுத்தது. பகலில் வசதியான பெண்களின் முகத்தை எடுப்பார், மற்ற நேரத்தில் அதே ஊரின் ஏழைத் தெருக்களை எடுப்பார். அந்தப் படங்களை வைத்துத்தான் 1942இல் ரோசன்வால்ட் உதவித்தொகை கிடைத்தது. அதைப் பெற்ற முதல் புகைப்படக்காரர் அவர்தான்.

அந்தப் பணத்தில் வாஷிங்டனுக்கு வந்து, எஃப்எஸ்ஏ (பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம்) என்ற அரசுத் துறையின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தார். ரயிலில் அவர் பார்த்த படங்களை எடுத்தவர்கள் வேலை செய்த இடம் அதுதான். தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவரே புகைப்படக்காரர் இல்லை, ஆனால் படம் எடுக்கிறவர்களை எப்படி வேலை வாங்குவது என்று தெரிந்தவர். பார்க்ஸ் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கேமராக்களை அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான். போ, ஊரைச் சுற்றிவிட்டு வா, கடையில் ஒரு கோட்டு வாங்கு, ஹோட்டலில் சாப்பிடு, சினிமாவுக்குப் போ என்றார். எந்த இடத்திலும் நடக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். துணிக்கடையில் யாரும் கவனிக்கவே இல்லை. தியேட்டரில் உள்ளேயே விடவில்லை. அமெரிக்கத் தலைநகரம், 1942.

பார்க்ஸ் கொதித்துப் போய்த் திரும்பினார். இப்போதே கேமராவைக் கொடுங்கள், இவர்களை எடுக்கிறேன் என்றார். ஸ்ட்ரைக்கர் சொன்ன பதிலைப் பார்க்ஸ் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு விற்பனையாளரையோ டிக்கெட் கொடுப்பவரையோ படம் எடுத்துக் கீழே இவன் இனவெறியன் என்று எழுதினால் ஆகாது, வெறுப்பவனும் பார்வைக்கு எல்லாரையும் போலத்தான் இருப்பான் என்பது அதன் சாரம். இதையெல்லாம் ஆயுள் முழுக்க அனுபவித்தவர்களிடம் பேசு என்று சொல்லி, மாலையில் அந்தக் கட்டடத்தின் தரையைத் துடைக்க வரும் ஒரு பெண்மணியைக் காட்டினார். எல்லா வாட்சன் என்று பெயர்.

பார்க்ஸ் போய்ப் பேசினார். தன் தந்தையைக் கும்பல் அடித்துக் கொன்றது, கணவர் சுட்டுக் கொல்லப்பட்டது, மகள் இளம் வயதில் இறந்து பேரப்பிள்ளைகளைத் தானே வளர்ப்பது என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்மணி சொன்னார். ஆண்டுக்கு 1,080 டாலர் சம்பளத்தில் ஆறு பேர் கொண்ட குடும்பம். அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற படம். பின்னால் தொங்கும் அமெரிக்கக் கொடி, முன்னால் புள்ளிபோட்ட உடையில் அவர், ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்த துடைப்பம், மறுபக்கம் தரை துடைக்கும் மாப். 1930இல் கிராண்ட் வுட் வரைந்த 'அமெரிக்கன் காதிக்' ஓவியத்தில் விவசாயி கவைக்கோலைப் பிடித்து நிற்பதைப் போலவே. பார்க்ஸ் வேண்டுமென்றே அப்படி நிறுத்தினார், படத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. ஸ்ட்ரைக்கர் பார்த்துவிட்டு, உனக்குப் பிடிபடுகிறது, ஆனால் நம் எல்லார் வேலையும் போகப் போகிறது என்கிற மாதிரி சொன்னாராம்.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்து நடந்தது. அந்தப் படம் கொஞ்சம் மிகையானது, நுட்பம் போதாது என்று பார்க்ஸே பிற்பாடு சொன்னார். ஸ்ட்ரைக்கர் அவரை நிறுத்தவில்லை, அந்தப் பெண்மணியோடேயே இரு, இன்னும் என்ன இருக்கிறது பார் என்றார். பார்க்ஸ் வாரக்கணக்கில் அவர் பின்னால் போனார். வீட்டுக்கு, மளிகைக் கடைக்கு, தேவாலயத்துக்கு. சமையலறையில் பேரப்பிள்ளைகளோடு அவர் உட்கார்ந்திருக்கும் ஒரு படம் இருக்கிறது. வாசல்வழியாகப் பார்க்கிறோம். இந்தப் பக்கம் கண்ணாடி மேஜை, அந்தக் கண்ணாடியில் வளர்ப்பு மகளின் பிம்பம், அதற்குப் பக்கத்தில் சட்டமிட்ட பழைய குடும்பப் படம். ஒரே சட்டகத்துக்குள் ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகள். இன்னொரு படத்தில் அவர் போகும் ஆன்மிகச் சபையில் போதகர் ரோஜாக்கள் சூழ்ந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நின்று ஒவ்வொரு பூவாக ஆசீர்வதித்துக் கொடுக்கிறார். வெள்ளை உடையில் சபையார்.

இந்தப் படங்களில் எல்லா வாட்சன் துடைப்பம் பிடித்தவர் மட்டும் இல்லை. பாட்டி, சபையில் மதிப்புள்ளவர், கடைக்காரரிடம் சாமான் பார்த்து வாங்குகிறவர், படுக்கைக்குப் போகுமுன் வேதம் படிக்கிறவர். படக்குறிப்புகளையும் பாருங்கள். பலவற்றில் 'திருமதி எல்லா வாட்சன்' என்று இருக்கிறது. கறுப்பினப் பெண்களை வயதானாலும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் வழக்கமாக இருந்த காலம் அது.

உங்கள் கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைக்கிறது. பரிதாபப் படம் எப்போது வருகிறது? ஒரு மனிதரின் ஒரே ஒரு நிலையை எடுத்து, அதையே அவர் என்று வைத்துவிடும்போது. செங்கல் சூளையில் ஒருவரைச் சந்திக்கிறோம், அங்கேயே எடுக்கிறோம், அங்கிருந்தே கிளம்பிவிடுகிறோம். அவர் மாலையில் யாரோடு சிரிக்கிறார், யாரை அதட்டுகிறார், எதில் சாமர்த்தியசாலி என்பது நமக்கே தெரியாது. தெரியாததைப் படத்தில் கொண்டுவர எந்த லென்ஸாலும் முடியாது.

சரி, இப்போது தொழில்நுட்பம். பார்க்ஸ் ஃபேஷன் எடுத்துப் பழகியவர் என்பதை ஆவணப் புகைப்படக்காரர்கள் ஏனோ சொல்லக் கூச்சப்படுவார்கள். நல்ல வெளிச்சத்தில் நிறுத்திவைத்து, உடையின் மடிப்பு வரை பார்த்து எடுக்கிற பழக்கத்தை அவர் சேரிக்கும் கொண்டுபோனார். பணக்காரிக்குக் கொடுத்த வெளிச்சத்தை ஏழைக்கும் கொடுத்தார், அவ்வளவுதான். கறுத்த தோலுக்கு எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று வைப்பது தனிப் பாடம். ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ, ஆள் மேல் வெள்ளைச் சட்டையோ இருந்தால் அதற்கு ஏற்றபடி ஒளியைக் குறைத்துவிடும், முகம் கரிக்கட்டியாகிவிடும். முகத்தை அளந்து, முகத்துக்கு எடுத்து, சட்டை கொஞ்சம் வெளுத்தாலும் போகட்டும் என்று விட வேண்டும். பார்க்ஸின் நல்ல பிரின்ட்களில் கன்னம், நெற்றி, கழுத்து ஒவ்வொன்றிலும் கருமையின் படிகள் தனித்தனியாகத் தெரியும்.

வண்ணப் பிலிமில் இது இன்னும் சிக்கல். அந்தக் காலத்தில் லேப்களுக்கு நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி கார்டு என்பார்கள். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. அடர்நிறங்கள் சரியாக வரவில்லை என்று மர நாற்காலி மேஜை செய்கிறவர்களும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் செய்த பிறகுதான் 1970களில் பிலிமைத் திருத்தினார்கள் என்று சொல்வார்கள். மனிதர்கள் முறையிட்டு நடக்காதது சாக்லேட்டுக்காக நடந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாம் பாதிக்கு வருகிறேன். 1948இல் பார்க்ஸ் லைஃப் என்ற அமெரிக்கப் படப் பத்திரிகைக்குள் நுழைந்தார். அங்கே நிரந்தர வேலையில் சேர்ந்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் அவர். அந்தக் கதவைத் திறந்தது, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியின் தெருச் சண்டைக் கும்பல் ஒன்றின் தலைவனைப் பற்றிய படக்கட்டுரை. ரெட் ஜாக்சன், பதினேழு வயது. பார்க்ஸ் தன் காரில் அவனை ஏற்றிக்கொண்டு சுற்றி, நம்பிக்கை சம்பாதித்து, வாரக்கணக்கில் கூடவே இருந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். அவன் வீட்டில் அம்மாவுக்கு உதவுவது, நண்பர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் அதில் இருந்தது. நவம்பர் 1 இதழில் அச்சானவை 21 படங்கள். சண்டை, பயம், உடைந்த ஜன்னல் வழியாக எதிரியைப் பார்த்து ஒளிந்திருக்கும் பையன், கொல்லப்பட்ட நண்பனின் சவப்பெட்டி. ஹார்லெமைப் பற்றி வெள்ளை வாசகர்கள் ஏற்கெனவே நம்பியிருந்த கதையே மறுபடியும். 2013இல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் பார்க்ஸ் எடுத்த படங்களையும் காண்டாக்ட் ஷீட்களையும் (ஒரு பிலிமின் எல்லாப் படங்களும் சிறிதாக அச்சான தாள்கள்) அச்சான பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. எங்கே வெட்டினார்கள், எதை இருட்டாக்கினார்கள், மென்மையான படங்கள் எப்படி விழுந்துபோயின என்று அதில் வெட்டவெளிச்சமானது. துப்பாக்கியோடு இருக்கும் ஒரு படத்தை அட்டையில் போட ஆசிரியர்கள் விரும்பியபோது, அந்த நெகட்டிவையே தான் அழித்துவிட்டதாகப் பார்க்ஸ் பிறகு சொல்லியிருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. 1950இல் லைஃப் அவரை ஃபோர்ட் ஸ்காட்டுக்கு அனுப்பியது. தன்னோடு கறுப்பினப் பள்ளியில் படித்த பதினோரு பேர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போனார். ஊரில் ஒருவர்தான் மிச்சம். மற்றவர்கள் கான்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், சிகாகோ, டெட்ராய்ட் என்று பிழைக்கப் போயிருந்தார்கள். அவர்களை வீட்டு வாசலில் கணவன், மனைவி, பிள்ளைகளோடு நிறுத்திப் படம் எடுத்தார். பார்த்தால் ஒன்றுமே நடக்காத படங்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, படிக்கட்டு, கதவு, கேமராவைப் பார்க்கும் கண்கள். என்னைக் கேட்டால் பார்க்ஸின் மிகச் சிறந்த வேலைகளில் இதுவும் ஒன்று. லைஃப் இதைப் போடவே இல்லை. திட்டமிட்டிருந்தார்கள், பெரிய அரசியல் செய்திகள் இடத்தை எடுத்துக்கொண்டன, அப்புறம் அப்படியே போய்விட்டது. 2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோதுதான் இந்த வரிசை பெரிதாக வெளியே தெரிந்தது.

கும்பல் தலைவன் அச்சாகிறான், வாசலில் நிற்கும் குடும்பஸ்தர் அச்சாகவில்லை. இரண்டையும் எடுத்தது ஒரே கை. நானும் சில வருடங்கள் பத்திரிகையில் படத்தேர்வு மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை. 'இதில் என்ன செய்தி இருக்கிறது?' என்ற சாதாரணக் கேள்வியே போதும், நிம்மதியாக வாழ்கிற ஏழை குப்பைக்கூடைக்குப் போய்விடுவார்.

1956 அலபாமா படங்களில் பார்க்ஸ் வேறொரு வழி பிடித்தார். பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த வருடம். கறுப்பு வெள்ளையில் போராட்டப் படங்கள் குவிந்துகொண்டிருந்தன. பார்க்ஸ் வண்ணத்தில், மொபைல் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தார்ன்டன் என்ற ஒரே பெரிய குடும்பத்தின் அன்றாடத்தை எடுத்தார். முதிய தம்பதி சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்சுவரில் அவர்களுடைய இளமைக்காலப் படம் மாட்டியிருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகள் கம்பி வேலிக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் விளையாட்டு மைதானத்தைப் பார்க்கிறார்கள். ஒரு கடையின் வாசலில், கறுப்பினத்தவர் நுழைவாயில் என்று சிவப்பு நியான் விளக்கு எரிகிறது. அதன் கீழே அழகாக உடுத்திய இளம்பெண், பக்கத்தில் ஒரு சிறுமி. வெளிர்நீல உடை, கச்சிதமான தலை, உள்ளாடைப் பட்டி மட்டும் தோளிலிருந்து லேசாகச் சரிந்திருக்கிறது. அந்தப் பட்டியைப் பார்த்ததும் அவர் சின்னமாகத் தெரிவது நின்றுபோய், வெளியே கிளம்பி வந்த ஓர் ஆளாகிவிடுகிறார். அவமானம் அந்த விளக்குப் பலகையில்தான் இருக்கிறது, அவர் மேல் இல்லை. அதைச் சொல்ல யாரும் அழ வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரை செப்டம்பர் 24 இதழில் வந்த பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் இடம்பெற்ற அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, இனப் பிரிவினை முடிய வேண்டும் என்ற பொருளில் பேசியது பெயரோடு அச்சாகியிருந்தது. அவர் வேலை போனது. கணவரின் மர வியாபாரத்தையும் உள்ளூர் வெள்ளையர்கள் முடக்கினார்கள். குடும்பமே ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று, லைஃப் பணம் கொடுத்து உதவியது. படத்தில் அவர்கள் எவ்வளவு கம்பீரமாக இருந்தார்கள் என்பது அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை. அந்த ஸ்லைடுகளில் பெரும்பகுதி தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 2012இல், பார்க்ஸ் இறந்து ஆறு வருடம் கழித்து, அவர் பெயரிலான அறக்கட்டளையில் ஒரு பெட்டிக்குள் இருநூறுக்கு மேல் கிடைத்தன.

1961இல் ரியோ டி ஜெனிரோ. கியூபப் புரட்சிக்குப் பிறகு லத்தீன் அமெரிக்காவின் வறுமை வாஷிங்டனுக்குக் கவலையாகிவிட்ட நேரம். ஓர் ஏழைக் குடும்பத் தலைவரை எடுத்து வா என்று லைஃப் அனுப்பியது. பார்க்ஸ் காட்டகும்பா குன்றுச் சேரியில் ஃபிளாவியோ என்ற பன்னிரண்டு வயதுப் பையனைப் பார்த்தார். கடும் ஆஸ்துமா, ஊட்டமில்லாத உடம்பு, அந்த நிலையிலும் தம்பி தங்கைகளுக்குச் சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவன். தலைவரை விட்டுவிட்டுப் பையனை எடுத்தார். வாசகர்கள் உருகிப்போய் ஏறக்குறைய 30,000 டாலர் அனுப்பினார்கள். பையனை டென்வர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து குணப்படுத்தினார்கள், குடும்பத்துக்கு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். பிரேசிலில் கோபம். ஓ குருசெய்ரோ என்ற அந்நாட்டுப் பத்திரிகை பதிலுக்கு ஹென்றி பாலோ என்ற புகைப்படக்காரரை நியூயார்க்குக்கு அனுப்பி, அங்குள்ள ஏழைக் குடும்பம் ஒன்றை அதே பாணியில் எடுத்துப் போட்டது. அந்த நியாயத்தில் குறை காண முடியவில்லை. ஃபிளாவியோ 1963இல் திரும்ப அனுப்பப்பட்டான், அவனுக்கு அமெரிக்காவிலேயே இருக்க ஆசை. உயிர் பிழைத்தான், பெரியவனாகி வேலை பார்த்தான், குடும்பம் நடத்தினான். ஆனால் அமெரிக்காவுக்குத் திரும்பும் ஏக்கம் போகவில்லை.

பார்க்ஸின் படங்களில் பரிதாபத்துக்கு மிக அருகில் போனது இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். படுக்கையில் கிடக்கும் ஃபிளாவியோவின் படத்தைப் பார்த்தால் செத்த உடல் என்றே தோன்றும். அதே படம்தான் அவன் உயிரையும் காப்பாற்றியது. இதற்குச் சுத்தமான தீர்ப்பு சொல்ல என்னால் ஆகாது. பார்க்ஸ் அவனோடு தொடர்பை விடாமல் வைத்திருந்தார், பல வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தார், அவனைப் பற்றி 1978இல் ஒரு புத்தகமே எழுதினார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அவரை நம்பி உள்ளே விட்டார், தன் மகளுக்கு ஞானத்தந்தையாகவும் வைத்துக்கொண்டார். முகமது அலியை எடுத்தார். 1968இல் ஹார்லெமின் ஒரு குடும்பத்தோடு குளிர்காலத்தில் இருந்து எடுத்த படங்கள் வந்தன, கறுப்பின நகர்ப்புற வறுமையைப் பற்றிய மிகக் கடுமையான வேலை அது. 1969இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்றுக்காகப் படம் இயக்கிய முதல் கறுப்பினத்தவரானார், அதை ஃபோர்ட் ஸ்காட்டிலேயே எடுத்தார். 2006 மார்ச் 7 அன்று தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். ஒதுக்கிவைத்த அதே ஊரில்தான் அடக்கம்.

இதிலிருந்து உங்கள் வேலைக்கு எதை எடுத்துக்கொள்வது? கேமரா இல்லாமல் ஒரு தடவையாவது போங்கள், ஸ்ட்ரைக்கர் செய்த அந்தப் பூட்டு நல்ல யோசனை. ஒருவரை வேலையிடத்தில் எடுத்தால் அவர் விரும்புகிற இன்னோர் இடத்திலும் எடுங்கள், எங்கே என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். எப்படி நிற்கட்டும் என்று அவர் கேட்டால், இயல்பாக இருங்கள் அண்ணா என்று சொல்லிவிடாதீர்கள். நேராக நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்ப்பது சிலருக்கு அதுதான் இயல்பு. பரிதாபம் வேண்டாம் என்பதற்காகச் சிரிக்கவைத்தும் எடுக்க வேண்டாம், பார்க்ஸ் படங்களில் சிரிக்கிறவர்கள் குறைவு. பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், எந்தப் படத்தை அவர் எடுத்துவைத்துக்கொள்கிறார், எதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று பாருங்கள். பத்திரிகைக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ போகும் முன், பெயர் போடலாமா, முதலாளியோ ஊர்க்காரர்களோ பார்த்தால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். அலபாமா ஆசிரியைக்கு நடந்தது இங்கே நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களே உங்களுக்கு லைஃப் ஆசிரியராகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதிக லைக் வாங்கும் படம் பெரும்பாலும் அழுக்கும் சுருக்கமும் உள்ள நெருக்க முகம்தான். எதைத் தள்ளினீர்கள் என்று ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

பார்ப்பதற்கு எங்கே தொடங்குவது என்றால், எல்லா வாட்சன் வரிசை முழுக்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாக, பெரிய அளவில் இருக்கிறது. அரசு எடுத்த படங்கள் என்பதால் காப்புரிமைத் தடையும் இல்லை. கொடிக்கு முன்னால் நிற்கும் படத்தைக் கடைசியாகப் பாருங்கள், சமையலறையிலிருந்து தொடங்குங்கள். 1948 நவம்பர் 1 லைஃப் இதழ் கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாகப் புரட்டக் கிடைக்கிறது. அதை ஒரு பக்கம் திறந்துவைத்துக்கொண்டு, அறக்கட்டளைத் தளத்தில் உள்ள ரெட் ஜாக்சன் படங்களை இன்னொரு பக்கம் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேரம் ஆகும்.